கொட்டாவி அக்காவின் பேட்டி

"பி பதினொன்ற முழுசா எடுத்துடுங்க மெடம். பேட்டிய, புத்தகத்துத் தலைப்ப, அந்த பேனர, எல்லாத்தையும்."

சொல்லிவிட்டேன். இந்த வேலையில் சேர்ந்த அன்று, கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தது இந்த ஒன்றைத்தான். பயிற்சியில் கலாநிதி கமலாம்பிகை எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிக் காது கொடுப்பது என்றெல்லாம் விளக்கி முடித்துவிட்டு, "எடுத்த பேட்டியை எடுத்த ஆள் திருப்பிக் கேக்கக் கூடாது. அது உங்கடை சொத்து இல்லை, ஆய்வின்ரை சொத்து" என்றார். பிறகு அறையிலிருந்த மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "யோகராணி, உமக்குத்தான் வடிவாச் சொல்லுறன். நீர் அந்தச் சனத்திலை ஒராள். உந்த ஆசை முதலிலை உமக்குத்தான் வரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கம்பஸ் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் சுவரில் தொங்கியது, வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலைக்குத் தலையாட்டாமல் என்ன செய்வது?

கமலாம்பிகை மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட்டத்தில் திரையில் காட்டப்போகும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குக் கூட்டம். மண்டபத்திலை கதிரை அடுக்கியாச்சு. உமக்கு இப்பதான் பகிடி வருது."

"பகிடி இல்ல மெடம்."

"அப்ப பசி. போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்."

வெளியே மழை. பதுளை பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கிற இரண்டு அறைதான் எங்கள் ஒபிஸ். கீழே கொண்டக்டர்மார் பண்டாரவளை, பண்டாரவளை என்று கத்துவது கண்ணாடிக்குள்ளாலும் கேட்கும். என் கையிலிருந்த போனில் பி பதினொன்றின் இலக்கத்தை மறுபடியும் அழுத்தினேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. விடிந்ததிலிருந்து இதே கதைதான்.

எதற்காக இந்தப் பதற்றம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மண்சரிவு அபாயம் என்று குறித்து வைத்த மூன்று தோட்டங்களில் புது வீடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்று பெண்களிடம் கேட்டு எழுதுவதுதான் எங்கள் ஆய்வு. நாற்பது பெண்கள். யார் என்ன பேசினார் என்று வெளியில் தெரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பொய்ப் பெயர். பி பதினொன்று என்பது விஜயலெட்சுமி அக்கா. பெரகல சந்திக்குக் கீழே உள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். புத்தகத்தில் அவர் 'சாந்தி'. அவருடைய தோட்டம் 'தோட்டம் ஆ'. அவருக்கு மூன்று பிள்ளைகள். நாங்கள் நான்கு ஆக்கினோம். புருஷன் செத்துப்போனவர், நாங்கள் கொழும்பில் வேலை செய்ய வைத்தோம். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் வாசித்தாலும் பிடிபடக்கூடாது என்று அவ்வளவு கவனம்.

அவர் பேட்டியில் சொன்னது இது. தட்டச்சில் இருக்கிறபடியே தருகிறேன்: "மல கொட்டாவி விடுது மல கொட்டாவி விடுதுன்னு நான் கத்திக்கிட்டே கெடக்கேன். அது வாயத் தொறக்குற எடத்துலதான் எங்க லயம் இருக்கு. புது வீடு யாருக்குன்னு பாத்தா தலைவரோட மச்சினனுக்கு. அவன் இருக்குறது ரோட்டோரம். அவனுக்கு எந்த மல கொட்டாவி விட்டுச்சு?"

தலைவர் என்றால் தோட்டத்துச் சங்கத் தலைவர். வீடு யாருக்கு என்று சொல்கிற கமிட்டியிலும் அவர்தான் முன்வரிசை. இரண்டாவது தொகுதி வீடுகளை இந்த மாதம் கொடுக்கப்போகிறார்கள். அதில் விஜயலெட்சுமி அக்காவுக்கு ஒன்று என்று பேச்சு. தலைவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்; அக்கா இன்னொரு மழைக்கு அதே வெடித்த சுவருக்குக் கீழே படுக்க வேண்டியதுதான்.

அந்தத் தலைவர் இன்று கூட்டத்துக்கு வருகிறார். கூப்பிட்டது நாங்கள்தான்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தது என்னோடு வேலை செய்யும் றின்ஸா. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற ஜௌபர் நானாவின் மகள். தட்டச்சு முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து, வரிக்கு வரி ஒரு சின்னத் தலைப்பு எழுதிச் சுவரில் ஒட்டுவோம். 'பயம்', 'காத்திருத்தல்', 'தலைவர் தயவு' என்று மஞ்சள் தாள்கள். ஒன்றுக்கொன்று சொந்தமானவற்றைக் கிட்டக் கிட்ட நகர்த்தினால் பெரிய தலைப்பு ஒன்று பிறக்கும். ஆய்வு செய்பவரின் சொல்லைவிட, பேசியவர் வாயில் வந்த சொல்லே தலைப்பாக அமைந்தால் மதிப்புக் கூட என்பது கமலாம்பிகையின் பாடம். றின்ஸா பி பதினொன்றை வாசித்த அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசியும்."

றின்ஸா வாசித்தாள்.

"இதுதான். வேறை தலைப்புத் தேடத் தேவையில்லை" என்றார். என்னைப் பார்த்து, "நல்ல பேட்டி பிள்ளை" என்றும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

அப்படித்தான் புத்தகத்தின் அட்டையிலும், மூங்கில் குழாயில் சுருட்டி இப்போது கதவோரம் சாய்ந்து நிற்கிற பேனரில் ஆளுயர எழுத்திலும் 'மலை கொட்டாவி விடும்போது' என்று வந்தது.

நேற்று அழைப்புக் கடிதம் கொடுத்துவிட்டுப் பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். மழைக்குக் கடைக்குள் ஒதுங்கினேன். கொழுந்துக் கூடையோடு இரண்டு பெண்கள் எனக்குப் பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடி கொட்டாவியக் காணோம்?" என்றாள் ஒருத்தி.

"பின்னால வருது. மழ தூறுதுல்ல, மலையப் பாத்துப் பாத்துதான் நடக்கும்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "எந்தக் கொட்டாவி அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்துல ஒண்ணு இருக்குங்க. விஜயலெட்சுமின்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. கொட்டாவின்னு கேளுங்க, தொரை பங்களா நாய்கூட வழி காட்டும்."

மற்றவள் சிரித்துப் புரையேறி இருமினாள். "மழ பேஞ்சா போதும். மல கொட்டாவி விடுது, எந்திரிங்க எந்திரிங்கன்னு லயம் பூரா கதவத் தட்டும். சனியன், ஒரு நாளும் நிம்மதியா தூங்க விடாது."

"தட்டினா எந்திரிப்பீங்களா?"

"எந்திரிக்காம? போன மழைக்கு அது தட்டி நாங்க வெளிய வந்தோம். சுவரு உள்ள வந்துச்சு."

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெயரை மாற்றினோம், தோட்டத்தை மாற்றினோம், பிள்ளைகளைக் கூட்டினோம், செத்த மனிதரைக் கொழும்புக்கு அனுப்பினோம். அந்தத் தோட்டம் முழுக்க அவரைக் கூப்பிடுகிற பெயரை மட்டும் ஆளுயரத்துக்கு அச்சடித்து வைத்திருக்கிறோம்.

அக்கா வந்து சேரும் முன்னே பஸ் வந்துவிட்டது. பின்னேரமே கமலாம்பிகைக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. காலையில் மண்டபத்தில் ஒலிவாங்கிக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போக முடியவில்லை. இப்போதுதான் தனியாகக் கிடைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் கேட்டதை அவர்கள் பேசிய மாதிரியே சொன்னேன். கமலாம்பிகையின் விரல் முதல் தடவையாக விசைப்பலகையில் நின்றது.

"பேட்டி எடுக்கேக்கை இது உமக்குத் தெரியாதோ?"

"தெரியாது மெடம். நான் வேற தோட்டம்."

"நீர் அந்தச் சனத்திலை ஒராள்தானே?"

அவருக்கு எல்லாத் தோட்டமும் ஒரே தோட்டம். வாயில் வந்ததை விழுங்கினேன்.

"இப்ப தெரிஞ்சிருச்சுல்ல மெடம். எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இரும். கோபப்படாமல் கேளும். மற்றவை எல்லாரும் என்ன சொன்னவை? 'சொல்லிக்கிறாங்க', 'கேள்விப்பட்டோம்', 'நமக்கென்னத்துக்கு'. ஆரும் தலைவரிலை கை வைக்கேல்லை. நேரை சொன்னது இந்த அம்மா ஒராள்தான். அவவை எடுத்துப் போட்டால் வீடு பங்கிட்ட கதையே இந்தப் புத்தகத்திலை இல்லை. ஆருக்கு லாபம்? அந்தத் தலைவருக்கு. அதுதானோ உமக்கு வேணும்?"

சரியான இடத்தில் அடித்தார். அவர் சொன்னது உண்மை. கெட்ட மனுஷி என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த ஆய்வுக்காக அட்டை கடிக்கக் கடிக்க எங்களோடு மலையேறியவர். அறிக்கையை அச்சடித்துத் தலைவர் முன்னாலேயே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். பேட்டி தந்த பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடிவைக் காட்ட வேண்டும் என்றதும் அவர்தான். நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணத்தால்தான் விஜயலெட்சுமி அக்காவும் தலைவரும் நாங்கள் வாடகைக்குப் பிடித்த ஒரே பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள்.

"தலைவர மாட்டணும்தான் மெடம். அக்காவ முன்னால புடிச்சுக்கிட்டு மாட்டக் கூடாது."

"அந்த வசனத்தை நான் வாசிக்காமல் விடுறன். போதுமோ?"

"பேனர்?"

"அடிச்சாச்சு."

"புத்தகம்?"

"அதுவும் அடிச்சாச்சு. ஜௌபர் நானாவின்ரை கடையிலை பெட்டியள் கிடக்கு. இப்ப வந்து…" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. ஒண்டு செய்வம். எந்த நேரமும் விலகலாம் எண்டு சம்மதப் பத்திரத்திலை இருக்கு. அவ விலகட்டும். நீர் சொல்லி நான் எடுக்கமாட்டன். அவவின்ரை வாயாலை வந்தால் எடுக்கிறன்."

அந்த வரியை நான் விஜயலெட்சுமி அக்காவுக்கு வாசித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டே கேட்டார். "சொன்னத எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கலாமா? ஏ புள்ள, இது நல்லா இருக்கே. கல்யாணத்துக்கு இப்பிடி ஒரு பேப்பர் குடுத்திருந்தா நான் எப்பவோ வாங்கியிருப்பேன்" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பேச்சு நின்றது. மௌனம் வந்தால் அதை நிரப்பாதே, காத்திரு, பெரிய விஷயம் அதற்குப் பின்னால்தான் இருக்கும் என்பது பயிற்சி. நான் காத்திருந்தேன். ரொட்டி ஒரு பக்கம் கருகியது. அக்கா அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, தலைவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

மறுபடி இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப்போகிற நேரத்தில் யாரோ எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கமலாம்பிகையின் மேசையில் வைத்தேன். பஸ்ஸின் உறுமல், பாட்டு, பிள்ளை அழுகிற சத்தம்.

"ஹலோ, அக்கா, நான் யோகராணி."

"ஆங், சொல்லுங்க டீச்சர்."

டீச்சரா? அன்றைக்கு முழுக்க என்னை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர். போகும்போது கன்னத்தைக் கிள்ளியவர்.

"யாரு அக்கா? அந்தப் பேட்டி புள்ளயா?" என்று ஓர் ஆண் குரல் போனுக்கு மிகக் கிட்டக் கேட்டது. "சாப்பாடு கோழியா மீனான்னு கேளு. மீனுன்னா நான் பண்டாரவளையிலயே எறங்கிக்கிறேன்."

பஸ்ஸில் சிரிப்பு.

"தலைவர் கேக்குறாரு டீச்சர், கோழியா மீனான்னு."

"கோழின்னு சொல்லுங்க. அக்கா, தலைவர் ஒங்க பக்கத்துலயா இருக்காரு?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க அன்னைக்கு அவரப் பத்தி சொன்னதுக்கு, நீங்க சொன்ன வார்த்தையவே தலைப்பா போட்டு இங்க பெருசா எழுதி வச்சிருக்காங்க. கொட்டாவின்னு. கூட்டத்துக்குள்ள வந்தா மொதல் பார்வ அதுலதான் விழும். அது இருக்கட்டுமா, எடுத்துடவா?"

பாட்டு ஓடியது. கண்ணாடி துடைக்கிற தடியின் கிறீச்சு கிறீச்சு. கமலாம்பிகை உதட்டில் விரலை வைத்து, பொறும் என்று எனக்குச் சைகை காட்டினார். அவர் சைகை காட்டாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அடுத்த ஆசனத்தில் அந்த மனிதனை வைத்துக்கொண்டு அக்கா எதைச் சொல்ல முடியும்? வைத்துவிடுவாரோ? நான் அழைத்ததே பிழையோ? இந்தக் குரலைக் கேட்டே அவன் ஏதும் கண்டுபிடித்துவிடுவானோ?

"டீச்சர்."

"சொல்லுங்க அக்கா."

"இங்கயும் மழதாங்க. பயப்படாதீங்க. இன்னைக்கு மல கொட்டாவி விடலீங்க." மூச்சு ஒன்று இழுத்தார். "ஒரு எடத்துலயும் விடக் கூடாதுங்க டீச்சர். கும்புடுறேன்."

தலைவர் பெரிதாகச் சிரித்தார். "கேட்டீங்களா! கொட்டாவியே கொட்டாவி விடலங்குது! இன்னைக்கு நாமெல்லாம் தூங்கலாம்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அழைப்பு அறுந்தது.

நான் போனை எடுக்கவில்லை. அது மேசையில் கிடந்து தானாகவே இருண்டது. வாசலில் றின்ஸா நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கையில் மூன்று பிளேன்டீ வைத்த தட்டு. கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.

"கேட்டீங்கதானே மெடம்?" என்றேன்.

கமலாம்பிகை மெல்லத்தான் பேசினார். "கேட்டன். தலைவர் அவவை அப்பிடித்தான் கூப்பிடுறார் எண்டது விளங்குது. ஆனால் விலகுறன் எண்டு அவ சொல்லேல்லை."

"ஒரு எடத்துலயும் விடக் கூடாதுன்னு கும்புட்டாங்க."

"மழையைப் பற்றித்தான் சொன்னவ. நீர் நினைக்கிறது உம்மடை விளக்கம்."

அவ்வளவுதான். விழுங்கியது எல்லாம் மேலே வந்தது.

"விளக்கமா? இந்தச் சுவத்துல இருக்குறது பூரா யாரோட விளக்கம் மெடம்? அடுப்புக்கு வெறகு வைக்கப் போனவங்களுக்கு 'பேச்சைத் தவிர்த்தல்'னு தாள் ஒட்டினோம். பி ஆறு இருமினதுக்கு 'தயக்கம்'னு ஒட்டினோம். அவங்களுக்கு அன்னைக்கு நெஞ்சுச்சளி மெடம், நான்தான் கூட இருந்தேன், ஒட்டாதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா? நாப்பது பேர் சொல்லாததுக்கெல்லாம் அர்த்தம் எடுத்தோம். ஒரு பொம்பள தலைவருக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, இந்த மழையில, மல கொட்டாவி விடலன்னு சொல்றா. மழன்னா கதவத் தட்டுற பொம்பள. இதுக்கு மட்டும் அர்த்தம் எடுக்கக் கூடாதா? இது மட்டும் மழையப் பத்தியா?"

"சத்தத்தைக் குறையும்."

"கொறைக்க மாட்டேன்."

"யோகராணி!"

"மல்லுக்கட்டாதீங்க" என்றாள் றின்ஸா மிக மெல்ல. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

கமலாம்பிகை எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே ஒரு மொனராகலை பஸ் பின்னுக்கு வந்து கொண்டிருந்தது. கொண்டக்டர் மழைக்குள் நின்று அதன் பின்பக்கத்தைத் தட்டினான். அவருடைய முதுகு எனக்குத் தெரிந்தது. தோள் இரண்டும் இறங்கியிருந்தன. மூன்று வருட வேலை. எனக்கு இரக்கம்கூட வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அடுத்த ஆய்வுக்கு உம்மடை பேரைத்தான் எழுதி அனுப்பினனான்" என்றார் திரும்பாமலே. "மேற்படிப்புக்கும் நான்தான் கடிதம் தாறதா இருந்தன். இதைக் குழப்பிப்போட்டுப் போனால் அதெல்லாம்…" முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. அம்மா பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்கு ஆட்கள் பிரிக்கப்படும்போது, ஆய்வு என்றால் என்னவென்று தெரியாமலே, எங்க புள்ள ஆய்வு பண்ணுது என்று கங்காணியிடம் சொல்கிற ஆள். அவளுக்கு நான் என்ன சொல்வேன்? இதை நான் யோசிக்காமல் வரவில்லை. காலையில் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

"றின்ஸா" என்றார் கமலாம்பிகை. குரல் பழைய மாதிரி ஆகிவிட்டது. "வாப்பாட்டைச் சொல்லி அந்தப் புத்தகப் பெட்டியளை மண்டபத்துக்கு ஏத்தச் சொல்லும்."

றின்ஸா தட்டை மேசையில் வைத்தாள். "வாப்பா கடைய மூடிட்டு ஜும்ஆவுக்குப் போயிட்டார் மெடம்."

"தொழுகை முடிஞ்சு திறப்பார்தானே?"

"இல்ல மெடம். பள்ளியிலிருந்து அப்படியே வெலிமடைக்குப் போறார். கலியாண வீடொண்டு. சாவியும் அவர்ட்டதான்."

"உம்மா?"

"உம்மாவும்தான்."

றின்ஸாவின் முழுச் சொந்தமும் பதுளைக்குள்தான். வெலிமடையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு இதுவரை வந்தது உருளைக்கிழங்கு மட்டும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பிளேன்டீயில் ஒன்றை எடுத்துத் தானே குடிக்கத் தொடங்கினாள். சூடு நாக்கில் பட்டிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

கமலாம்பிகை அவளைப் பார்த்தார். "கலியாண வீடு" என்றார்.

"ஓம் மெடம். திடீரென்டு."

நான் கைப்பையைத் திறந்தேன். ஒபிஸ் சாவியை எடுத்து அவருடைய மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதைச் சாவி வளையத்திலிருந்து காலையிலேயே கழற்றித் தனியாகத்தான் போட்டு வந்திருந்தேன். கழுத்தில் தொங்கிய ஆய்வு அட்டையையும் கழற்றி வைத்தேன். கமலாம்பிகை சாவியைப் பார்த்தார், பிறகு என்னை.

"அப்ப நீர் கேக்க வரேல்லை. சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனீர்."

"கேக்கத்தான் மெடம் வந்தேன். நீங்க எடுத்திருந்தா சாவியத் திருப்பி வளையத்துல மாட்டியிருப்பேன்."

ஒலிப்பதிவு எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. அதை அழிப்பதும் வைப்பதும் அவருடைய மனசாட்சியின் வேலை. என்னால் தூக்க முடிந்ததை நான் தூக்கினேன். கதவோரம் நின்ற பேனர் குழாய் நினைத்ததைவிடக் கனம். தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"அதை வையும்."

"வைக்க மாட்டேன் மெடம்."

"அது ஆய்வின்ரை சொத்து."

"அது அக்காவோட பேரு."

இன்று அந்த மனிதன் கோழி சாப்பிட்டுவிட்டு, நாலு பேர் கைதட்ட, சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போவான். அதை நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது. அவனுக்கு வேறு நாள் வைக்க வேண்டும், வேறு வழியில் வைக்க வேண்டும். அந்த வழி எனக்கு இன்னும் தெரியாது. விஜயலெட்சுமி அக்காவின் தலையில் ஏறி நின்று அதைச் செய்யக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

குழாய் கதவு நிலையில் இடித்தது. றின்ஸா வந்து மறுமுனையைப் பிடித்துத் திருப்பி வெளியே தள்ளிவிட்டாள். "குடை ஈக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

"நனைஞ்சிட்டுப் போ. சாகமாட்டாய்."

படியில் காலை வைத்தேன். பஸ் நிலையத்துச் சத்தம் ஏறி வந்து மோதியது. இரண்டு படி இறங்கியதும் உள்ளே நாற்காலி இழுபடுகிற ஓசை கேட்டது.

"யோகராணி!" கமலாம்பிகையின் குரல் கட்டளை மாதிரி இல்லை. "தலைப்பில்லாமல் நான் எப்பிடிப் பிள்ளை கூட்டம் வைக்கிறது? வேறை என்ன போடுறது?"

நான் நிற்கவில்லை. பேனர் ஒவ்வொரு படியிலும் இடிக்க, மழைக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன்.